டானியின் எண்

மனிதர்கள் விட்டுப்போனதைக் கார்களிலிருந்து துடைத்தெடுப்பதுதான் விஜயரத்தினத்தின் வேலை. கார்ல்ஸ்ரூஹேயில், ரைன் துறைமுகத்துப் பக்கம், கெர்ஸ்ட்னர் என்ற ஜெர்மன்காரர் பழைய கார்களை வாங்கி விற்கும் வளவு ஒன்று வைத்திருந்தார். அங்கே வந்து சேரும் கார்களைக் கழுவி, தூசி உறிஞ்சி, மினுக்கிக் கொடுப்பவர் விஜயரத்தினம். இருக்கை இடுக்குகளில் கொண்டை ஊசி கிடக்கும், காய்ந்த திராட்சை கிடக்கும், ஒருமுறை ஒரு பால்பல்கூடக் கிடந்தது. அவர் கைபட்டு வெளியே வந்த காரில் முன்பு எவரும் இருந்ததே இல்லை என்றுதான் தோன்றும். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

ஈராக்குக்குப் போகிற அமெரிக்கச் சிப்பாய்கள் மான்ஹைம், ஹைடல்பெர்க் முகாம்களில் தங்கள் கார்களை அகப்பட்டவரிடம் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு மாரியில் நீளமான சாம்பல் நிறக் கார் ஒன்று வளவுக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் போனவர் திரும்பவில்லை, முகாம்காரர்களே விற்கிறார்கள் என்று கெர்ஸ்ட்னர் சொன்னார். ஓட்டுநர் பக்கக் கதவில், கைபிடிக்கு மேலே, ஐந்து சின்னப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு இலக்கங்களோடு, வரிசையாக இருந்தன. சரியான எண்ணை அழுத்தினால் சாவி இல்லாமலே கதவு திறக்குமாம். விஜயரத்தினம் ஒன்றை அழுத்திப் பார்த்தார். பொத்தான்கள் மங்கலான மஞ்சளில் ஒளிர்ந்து, சற்று நேரம் காத்திருந்துவிட்டு அணைந்தன.

காரை முழுதாகத் துடைத்து, இருக்கைகளை நடுவாக நிறுத்தி, பூட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து பார்த்தபோது கதவுகள் பூட்டியபடியே இருந்தன. ஆனால் ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. கண்ணாடிகளின் உட்புறம் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது.

முதலாளி இருந்து பார்த்திருப்பார் என்று நினைத்தார். துடைத்தார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கெர்ஸ்ட்னரே கேட்டுவிட்டார்.

"விஜய், நீ அதற்குள் படுக்கிறாயா?"

"நானோ? எனக்கு வீட்டில் கட்டில் இருக்கிறது" என்றார் விஜயரத்தினம் ஜெர்மனில். கெர்ஸ்ட்னர் சிரிக்கவில்லை.

பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர் கதிர்காமநாதன். அவரும் யாழ்ப்பாணத்தவர், விஜயரத்தினத்துக்கு மூத்தவர், வயிறு பெருத்தவர். அவர் வந்து பொத்தான்களை ஒரு நோட்டம் விட்டார்.

"இதுக்கு ரெண்டு நம்பர் இருக்கு, விஜயம். ஒண்டு தொழிற்சாலையிலயே போட்டு விடுறது. அதை ஒருத்தராலயும் அழிக்கேலாது. மற்றது, கார்க்காரன் தன்ர பாட்டுக்கு வைக்கிறது. பிறந்த நாளோ, மனிசியின்ர நாளோ, என்னத்தையோ."

"அப்ப ஆரோ அந்த நம்பர் தெரிஞ்சவன் வந்து திறக்கிறான் எண்டுறீங்களோ, அண்ணை?"

"வேற என்ன, பேயோ? தொழிற்சாலை நம்பரைக் கண்டுபிடிச்சுத் தா, கார்க்காரன்ர நம்பரை நான் அழிச்சு விடுறன். பிறகு வாறவன் வெளியில நிண்டு தட்டிக்கொண்டு நிக்கட்டும்."

"எங்க கிடக்கும் அது?"

"காரோட வாற அட்டையில எழுதியிருக்கும். இதில அட்டையும் இல்லை, புத்தகமும் இல்லை. டிக்கிக்குள்ள இடப்பக்கம், துணிக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அதிலயும் ஒட்டியிருப்பாங்கள். இந்த வயித்தோட என்னால உள்ளுக்குப் போகேலாது. நீ ஒல்லி, நீதான் உள்ள பூரவேணும்."

விஜயரத்தினம் தலையாட்டினார். அன்று செய்யவில்லை. அதற்கடுத்த நாளும் வேறு வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

டிக்கிகளை அவர் வெளியில் நின்றுதான் துப்புரவு செய்வார். உள்ளே உடம்பை வைப்பதில்லை. இந்த நாட்டுக்குள் அவர் வந்ததே ஒரு டிக்கியில்தான். செக் எல்லையில் ஒரு காட்டுப் பாதையில், காசு வாங்கி ஆட்களை எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் அவரையும் இன்னொருவரையும் மடித்து உள்ளே வைத்து மூடினான். என்ன சத்தம் கேட்டாலும் மூச்சுக் காட்டக்கூடாது, தட்டக்கூடாது என்பதுதான் அவன் சொன்ன ஒரே பேச்சு. வண்டி எங்கோ நின்றது. சப்பாத்துக் கால்கள் சுற்றி நடந்தன. யாரோ மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கதைத்தார்கள். மனைவி ரஞ்சினியிடம்கூட அவர் அதை ஒருதடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டார்.

கடைசியில் ஒரு நாள், மற்றவர்கள் வருவதற்கு முன்னே முடித்துவிடலாம் என்று விடியற்காலையே வந்தார். வளவுக்கு மதில் இல்லை, குறுக்கே ஒரு சங்கிலி மட்டும்தான். ஆற்றுப்பக்கமிருந்து புகைமூட்டம் வந்து கார்களின் கூரைகள்வரை ஏறியிருந்தது. சாம்பல் நிறக் கார் காலியாக நின்றது. இருக்கை நடுவில், அவர் விட்டபடியே. இன்றைக்கு ஆள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு டிக்கியைத் திறந்தார், சாவியைச் சட்டைப்பையில் போட்டார், டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே ஏறினார்.

பக்கத்துத் துணியை விலக்கியதும் பெட்டி தெரிந்தது. அதில் வெள்ளை ஒட்டுத்தாள். ஏழு, மூன்று, ஒன்று, ஒன்பது, ஐந்து. இவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டுதரம் வாசித்து மனதில் வைத்துக்கொண்டார்.

அப்போது சரளைக்கல்லில் காலடி கேட்டது.

அது யார் என்று யோசிப்பதற்கு முன்பே அவர் கை மேலே போய் மூடியை இழுத்துவிட்டது. டோர்ச்சையும் அணைத்தது. கிளிக் என்று பூட்டு விழுந்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பதே அவருக்கு உறைத்தது. உள்ளிருந்து திறக்க அந்த டிக்கியில் ஒன்றும் இல்லை.

காலடி வந்து கதவருகில் நின்றது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக அமுங்கும் சத்தம், மெதுவாக, பழகிய விரலின் சத்தம். பூட்டுகள் மேலெழுந்தன. கதவு திறந்தது. கார் ஒருபக்கம் தாழ்ந்தது. இருக்கை தண்டவாளத்தில் வழுக்கிப் பின்னுக்குப் போய், அவர் தலைக்கு அப்பால் இடித்து நின்றது. கதவு மூடியது.

பிறகு ஒரு குரல் கதைக்கத் தொடங்கியது. இளம் ஆண்குரல், ஆங்கிலம். விஜயரத்தினத்துக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும். குளிரைப் பற்றி, யாரோ ஒரு சார்ஜன்டைப் பற்றி, வெள்ளிக்கிழமை தன்னைத் திரும்பவும் ஈராக்குக்கு அனுப்பப்போகிறார்கள் என்பதைப் பற்றி. ஒன்றைச் சொல்லும், நிறுத்தும். பிறகு, பதில் வந்ததுபோல, "இல்லையடா, அப்படியில்லை" என்று தொடரும். ஒருமுறை சிரித்தது. போன் என்றுதான் விஜயரத்தினம் முதலில் நினைத்தார். ஆனால் போனில் கதைப்பவன் குரல் ஒரு திசைக்குப் போகும். இந்தக் குரல் பக்கத்து இருக்கைக்குத் திரும்பித் திரும்பிப் போனது. அந்த இடைவெளிகள் ஒரு ஆள் மறுமொழி சொல்லும் அளவுக்குச் சரியாக இருந்தன. இருட்டில் மடங்கிக் கிடந்த அவரும் ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த மற்றக் குரலுக்காகக் காதைத் தீட்டத் தொடங்கினார். தட்டினால் திறப்பான் என்று அறிவு சொன்னது. கை அசையவில்லை. மூச்சைக்கூட மூக்கு நுனியில்தான் விட்டுக்கொண்டிருந்தார்.

குரல் ஏதோ சொல்லவந்து பாதியில் நின்றது. இந்த இடைவெளி நீண்டது.

"டிக்கியிலா?" என்று கேட்டது குரல்.

விஜயரத்தினத்தின் உடம்பு முழுதும் மயிர்க்கூச்செறிந்தது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. அதைப் பிறகு ரஞ்சினி கேட்டபோதும் சத்தியம் செய்தார்.

கதவு திறந்தது. காலடி பின்னுக்கு வரவில்லை, அங்கேயே நின்றது; பொத்தான்கள் மறுபடி அமுங்கின. மூடி தானாக எழும்பியது. புகைமூட்டத்தின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சுற்றி வந்து முன்னே நின்றவனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். மொட்டையாக வெட்டிய தலை, சிவந்த காதுகள், வீட்டு உடுப்பு. டிக்கிக்குள் ஒரு மனிதன் சுருண்டு கிடப்பதைக் கண்டு அவன் திடுக்கிடவே இல்லை. கையை நீட்டினான். பனிக்கட்டிபோல் குளிர்ந்த கை. பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"நீ இருக்கிறாய் என்று டானி சொன்னான்" என்றான் ஆங்கிலத்தில், மன்னிப்புக் கேட்கும் தொனியில்.

"டானி?"

"இது அவனுடைய கார்."

அவன் முன்னிருக்கைப் பக்கம் பார்த்தான். விஜயரத்தினமும் பார்த்தார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலி. அதன் பாதுகாப்புப் பட்டி மட்டும் குறுக்கே இழுத்து மாட்டப்பட்டிருந்தது.

"மற்ற இடத்தில் எங்கேயும் அவன் வருவதில்லை" என்றான் இளைஞன். "இங்கே மட்டும்தான். அவன் வைத்த எண்ணை யாரும் மாற்றாதவரைக்கும்." பிறகு வேறொன்றும் சொல்லாமல், சங்கிலியைத் தாண்டிப் புகைமூட்டத்துக்குள் போய்விட்டான்.

வேலைக்கு வந்த கதிர்காமநாதன் கேட்டார்: "என்ன, கிடைச்சுதோ நம்பர்?"

"ஒட்டுத்தாள் அழிஞ்சு போச்சு, அண்ணை. வாசிக்கேலாது" என்றார் விஜயரத்தினம். அவருக்குப் பொய் லேசில் வராது. அன்றைக்கு அது தயாராக வைத்திருந்ததுபோல் வந்தது.

அன்று மாலை ஒரு போர்வையை மடித்துக் காரின் பின்னிருக்கையில் வைத்துவிட்டுப் போனார். காலையில் அது விரிக்கப்பட்டு, மறுபடி வேறுவிதமாக மடிக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அதன்பிறகு போர்வை வைத்தபடியே இருந்தது. கண்ணாடியில் மூச்சுப் படியவில்லை. சில நாட்களில் ஒரு ஜெர்மன் பொலிஸ்காரரும் ஓர் அமெரிக்கரும் ஒரு படத்தோடு வந்தார்கள். அதே சிவந்த காதுகள். முகாமுக்குத் திரும்பாமல் இருந்தவன், பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டோம், இந்தக் காரில் வந்து இருந்ததாகச் சொன்னான், ஏதாவது விட்டுப்போனானா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றார் விஜயரத்தினம். அது உண்மை.

மாசி முடிவில் ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து அந்தக் காரை விரும்பி வாங்கிப்போனார்கள். விஜயரத்தினத்துக்கு மனம் இலேசானது. அது நீடிக்கவில்லை. அந்த அம்மா கெர்ஸ்ட்னருக்குப் போன் பண்ணினார். விடியற்காலைகளில் கார் தானாகப் பூட்டுத் திறந்து கிடக்கிறதாம். அவர்கள் முற்றத்துக்குக் கேற் இருக்கிறது, நாய் இருக்கிறது. நாய் குரைப்பதில்லை, வாலைத்தான் ஆட்டுகிறது.

"பொத்தானுக்குள்ள தண்ணி போயிருக்கும்" என்றார் கதிர்காமநாதன். "ஈரம் பட்டா தன்ரபாட்டில திறக்கும், பூட்டும்."

கெர்ஸ்ட்னர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நான் இன்னொருக்கால் அந்த ஒட்டுத்தாளைப் பாத்திட்டு வாறன்" என்றார் விஜயரத்தினம். பார்க்க வேண்டியதில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். கதிர்காமநாதனிடம் அழிக்கும் முறையை மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஃபோர்ட்ஸ்ஹைமில் அந்த அம்மா வாசலிலேயே காத்திருந்தார். "என் கணவர் தண்ணீர் என்கிறார்" என்று குரலைத் தாழ்த்தினார். "தண்ணீர் பட்டியை மாட்டுமா?"

பக்கத்து இருக்கையின் பட்டி மாட்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உள்ளே வெளுத்திருந்தது. போனவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான். விஜயரத்தினம் கதவருகில் நின்றார். அந்த அம்மாவின் கைகள் மேற்சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவருக்கும் இரவில் தூக்கம் வேண்டும்தானே. ஏழு, மூன்று, ஒன்று, ஒன்பது, ஐந்து. பொத்தான்கள் ஒளிர்ந்தன. சொல்லிக்கொடுத்த ஒழுங்கில் மீதியையும் அழுத்தினார். பூட்டுகள் ஒருதரம் விழுந்து எழும்பின. அழிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த வேளை, காருக்குள் யாரும் இல்லாதபோதும், கார் ஒருபக்கம் மெல்ல உயர்ந்தது. ஒரு ஆள் இறங்கினால் உயர்வதுபோல.

அதற்குப் பிறகு ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து போன் வரவில்லை. கெர்ஸ்ட்னர் அவர் தோளில் தட்டினார். விஜயரத்தினம் வீட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். ரஞ்சினி விடாமல் கேட்க, எல்லாவற்றையும் சொன்னார், பாதியில் நிறுத்தாமல்.

"நல்லதுதானே செய்தனீங்கள். இனி அந்தப் பிள்ளை போற இடத்துக்குப் போயிருக்கும்" என்றாள் ரஞ்சினி.

"போறதுக்கு இடம் இருந்தா ஏன் அங்க வந்து இருந்தவன்? நான்தான் அவனை வெளியில விட்டுப் பூட்டிப்போட்டன், ரஞ்சி."

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ரஞ்சினி, தமிழர்கள் ஒரு பழைய களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய கோயிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"பேர் டானி. நட்சத்திரம் தெரியாது, ஐயா."

ஐயர் நிமிர்ந்தார். "உயிரோட இருக்கிற ஆளுக்குத்தானே?"

ரஞ்சினி கணவரைப் பார்த்தாள்.

"அது தெரியேல்லை, ஐயா" என்றார் விஜயரத்தினம்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பி, நட்சத்திரம் இல்லாமலே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.