தபீதாள் நீட்டிய தாள்

அஸ்தினாபுரத்துத் தபீதாளுக்குப் படிக்கிற வியாதி உண்டு. கதையோ கவிதையோ அல்ல. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதம், மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், ரயில் டிக்கெட்டின் பின்பக்கம், இவற்றையெல்லாம் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஊரே மாத்திரையை போனில் வரவழைக்க ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் தபீதாள் ஒரு கார் பழுதுபார்க்கும் வொர்க்‌ஷாப்பில் ரிசப்ஷனிஸ்டாகச் சேர்ந்தாள்.

வொர்க்‌ஷாப் முதலாளி ஷ்யாம்சுந்தர். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினெட்டு வருடம் மேனேஜராக இருந்தவர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதை ஓட்ட டிரைவர் வேண்டும் என்பது வரைதான். ஆனால் நிர்வாகம் தெரியும். தினமும் காலை ஒன்பதரைக்கு எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, "நாம எல்லாரும் ஒரு ஃபேமிலி" என்பார். பிறகு பாதுகாப்பு உறுதிமொழி. எல்லோரும் வலது கையை நீட்டி, "பாதுகாப்பே எங்கள் மூச்சு" என்று சொல்லிவிட்டு, செருப்போடு ஆயில் தரையில் வழுக்கிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். சுவரில் பெரிய போஸ்டர் ஒன்று உண்டு. அதில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் சிரிப்பார். அந்த வொர்க்‌ஷாப்பில் இருந்த ஒரே ஹெல்மெட் அதுதான்.

ஹெட் மெக்கானிக் பிரிட்டோ. இருபத்தைந்து வருட அனுபவம். எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். அவருக்கும் தபீதாளுக்கும் ஒரே வயது. அதனால் அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். இருவருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

அங்கே கார்களைத் தூக்க இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று இருந்தது. பட்டனை அழுத்தினால் ஆயில் அழுத்தத்தில் நான்கு கைகளும் காரை ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தும். அதோடு வந்த புத்தகத்தின் மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். தபீதாள் அதை எடுத்துத் துடைத்து, நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் இரண்டு மத்தியானத்தில் படித்து முடித்தாள்.

படித்ததில் அவள் மனதில் நின்றது ஒன்றுதான். காரை மேலே நிறுத்திவைக்க வேண்டியது ஆயில் அல்ல, லாக். ஒவ்வொரு தூணுக்குள்ளும் பல்வரிசை இருக்கிறது. கார் மேலே போகப் போக, இரும்பு நாக்கு ஒன்று அந்தப் பற்களில் டக் டக் என்று விழுந்துகொண்டே போகும். வேண்டிய உயரம் வந்ததும் காரைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு தூணிலும் எடையை அந்த நாக்கின் மேல் உட்காரவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் கீழே போகலாம். அப்போது ஆயில் மொத்தமும் ஒழுகிப் போனாலும் கார் அசையாது.

ரிசப்ஷனில் இருந்தபடியே அவள் காதைத் தீட்டினாள். வலது தூணில் டக் டக் கேட்டது. இடது தூண் ஊமையாக இருந்தது.

"அண்ணா, இடது பக்கம் லாக் விழற சத்தமே வரலையே?"

"அது ஸ்ப்ரிங் வீக்காக்கீதுக்கா. நீ போன் அடிச்சா எடு. லிஃப்ட நாங்க பாத்துக்கறோம்."

அவள் போனை எடுத்தாள்.

விஷயம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சிறுசேரி கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு கேப் நிறுவனம், தன் வண்டிகள் எல்லாவற்றையும் ஷ்யாம்சுந்தரிடமே விடத் தயாரானது. ஒரே ஒரு நிபந்தனை, பாதுகாப்பு ஆடிட்டில் தேறவேண்டும். ஆடிட் படிவத்தில் ஒரு கட்டம், 'லிஃப்ட் பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று கேட்டது. பிரிட்டோவின் பெயரைப் போட்டால் அவரிடம் கேள்வி கேட்பார்கள். அவரோ ஆடிட்டரிடமே, "உனக்கு இன்னா தெரியும்?" என்று திருப்பிக் கேட்கக்கூடியவர். ஷ்யாம்சுந்தர் யோசித்து, தபீதாளின் பெயரை எழுதினார்.

"சும்மா பேப்பர்ல மட்டும்தான் மேடம். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்று தைரியம் சொல்லி, நியமனக் கடிதத்தைக் கொடுத்தார்.

கொடுத்தவர் அதைப் படிக்கவில்லை, இணையத்தில் எங்கிருந்தோ இறக்கி அச்செடுத்தது. தபீதாள் படித்தாள். ஆறாவது வரியில், 'குறை கண்டால் லிஃப்டை நிறுத்தும் முழு அதிகாரம் இவருக்கு உண்டு' என்று இருந்தது. கீழே ஷ்யாம்சுந்தரின் கையெழுத்து, வளைவு நெளிவோடு.

ஆடிட் நாளன்று எல்லோரும் பளபளக்கும் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். ஆன்லைனில் வாங்கியதை ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்பதால் பிளாஸ்டிக் உறை கிழியாமல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. ஆடிட்டர் ஏசி அறையில் உட்கார்ந்து மெதுவடை சாப்பிட்டபடியே கட்டங்களில் டிக் அடித்தார். போஸ்டர் இருக்கிறதா? இருக்கிறது. முதலுதவிப் பெட்டி? இருக்கிறது. உறுதிமொழி? ஷ்யாம்சுந்தர் வலது கையை நீட்டியே காட்டிவிட்டார். பொறுப்பாளர்?

"நான்தான் சார்" என்றாள் தபீதாள். "இடது தூண்ல லாக் விழல. வந்து பாருங்க."

ஆடிட்டர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "லிஃப்ட் இருக்கான்னுதான் மேடம் கேட்டிருக்காங்க. லாக் விழுதான்னு கேக்கலையே." சட்னியைத் துடைத்துவிட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். இரண்டு மார்க் குறைந்ததற்குக் காரணம், போஸ்டர் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததாம்.

மறுநாள் காலை உறுதிமொழி முடிந்ததும் தபீதாள் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் ஒரு பூட்டைப் போட்டாள். வீட்டு கேஸ் சிலிண்டர் கூண்டுக்கு வாங்கிய பூட்டு. சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தாள்.

பத்தரை மணிக்குள் வாசலில் நான்கு கார்கள் நின்றுவிட்டன. பிரிட்டோ கத்தினார். ஷ்யாம்சுந்தர் ஓடி வந்தார்.

"மேடம், என்ன இது? வெறும் பேப்பருக்குத்தானே உங்க பேரைப் போட்டோம்!"

"ஆமா சார். அந்தப் பேப்பர்ல நிறுத்தலாம்னு போட்டிருக்கு." கடிதத்தை எடுத்து ஆறாவது வரியைக் காட்டினாள்.

அவர் அந்த வரியை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தைப் பார்த்தார். "சரி, இன்னைக்கு மட்டும் திறங்க. நாளைக்கு ஆளைக் கூப்பிட்டுப் பாத்துக்கலாம்."

வேலை போனால் அடுத்த வேலை சுலபமில்லை என்று தபீதாளுக்குத் தெரியும். ஆனாலும் மேசையில் இருந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, மருந்துக் கடைக் கையெழுத்தில் குண்டு குண்டாக எழுதினாள்: 'இடது தூணில் லாக் விழவில்லை என்று தெரிந்தே இந்தக் காரைத் தூக்கச் சொல்கிறேன். கீழே நிற்பவருக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு.' தேதி, நேரம், பெயர் எழுத இடம் விட்டு நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார். உடனே திறந்துடறேன்."

அந்த வொர்க்‌ஷாப்பில் நாளுக்கு நாற்பது தாள்களில் கையெழுத்து விழும், ஒன்றையும் யாரும் படித்ததில்லை. இந்தத் தாளை ஷ்யாம்சுந்தர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இந்த 'ஏதாவது ஆனால்'ங்கறது கொஞ்சம் நெகட்டிவா இருக்கே மேடம்?"

"எப்படி எழுதணும்னு சொல்லுங்க சார், மாத்திடறேன்."

"'ஏதும் ஆகாது என்ற நம்பிக்கையுடன்'னு..."

தபீதாள் அதையும் சேர்த்து எழுதி நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "டெக்னிக்கலா பாத்தா இது பிரிட்டோவோட டிபார்ட்மென்ட்" என்று தாளை அவரிடம் தள்ளினார்.

பிரிட்டோ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தாளை விட்டெறிந்தார். "ஐய, கீய நிக்கப்போறவனே நான்தான் சார்! நான் செத்தா அதுக்கு நானே பொறுப்பா? இன்னா பேஜாரு இது!"

காத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் பொறுமையிழந்து, "குடுங்கம்மா, நான் போடறேன்" என்று வாங்கினார். படித்தார். "நான் சாயங்காலம் வர்றேனே" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

பதினொன்றரைக்கு ஷ்யாம்சுந்தர் லிஃப்ட் சர்வீஸ் ஆளுக்கு போன் செய்தார். பெருங்களத்தூரிலிருந்து சுப்பராயலு என்பவர் ஸ்கூட்டரில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஏணியில் ஏறி, இடது தூணின் மூடியைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு ஒரு கட்டுக்கம்பியை இழுத்து வெளியே போட்டார்.

"லாக் நாக்கை யாரோ பின்னால இழுத்துக் கட்டியிருக்காங்க" என்றார்.

எல்லோரும் பிரிட்டோவைப் பார்த்தார்கள்.

"எறக்கற நேரத்துல அந்தப் பக்கம் நடந்து போயி லீவர இஸ்க்க வேண்டிகீதுப்பா" என்றார் பிரிட்டோ தரையைப் பார்த்தபடி. "டைம் வேஸ்ட்டு."

ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு எட்டு அடி இருக்கும். சர்க்கரை இருப்பதால் டாக்டர் சொல்லி, பிரிட்டோ தினமும் விடியற்காலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் பத்தாயிரம் அடி நடந்துகொண்டிருந்தார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

சுப்பராயலு லிஃப்டின் இரண்டு பக்கக் கைகளையும் சமமாக வைத்திருக்கும் இரும்புக் கயிற்றையும் காட்டினார். அதில் பாதி இழைகள் அறுந்து முள் முள்ளாக நின்றன. "இது போயிருந்தா வலது பக்கம் நிக்கும், இடது பக்கம் உட்காரும். வண்டி சாய்ஞ்சு வரும்" என்று உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார். அந்தக் கை சாய்ந்ததைப் பார்த்ததும் பிரிட்டோ பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. தபீதாளிடமும் பேசவில்லை.

கயிறு மாற்ற இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாளிலிருந்து தபீதாள் ஒரு முறை வகுத்தாள். நான்கு கைகளும் காரின் அடியில் தாங்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பாள். கொஞ்சம் தூக்கி, காரைப் பிடித்து உலுக்கச் சொல்வாள். ஆடாமல் இருந்தால் மேலே. இரண்டு பக்கமும் டக் டக். கடைசியில் லாக்கின் மேல் இறக்கி உட்காரவைத்துவிட்டு, "போலாம்" என்பாள். பிரிட்டோ அவள் முகத்தைப் பார்க்காமல் கீழே போவார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, கேப் நிறுவனத்தின் வண்டி ஒன்று மேலே இருந்தது. அடியில் பிரிட்டோ சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். லிஃப்டின் ஆயில் ஹோஸ் வெடித்துப் பீய்ச்சியடித்தது. பிரிட்டோ இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கார் அசையவில்லை. ஒரு விரற்கடை கூட.

தபீதாள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு, "அண்ணா, வெளிய வாங்க! வண்டி நிக்குது, மெதுவா வாங்க" என்று குரல் கொடுத்தாள். அவர் தவழ்ந்து வெளியே வந்தார். தலை முதல் கால் வரை ஆயில், கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மேலே நிற்கும் காரையே வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுக்கா" என்றார்.

"தெரியும்ணா. மூஞ்சியத் துடைங்க" என்று வேஸ்ட் துணியைக் கொடுத்தாள்.

இந்தச் செய்தி கேப் நிறுவனத்துக்கு எட்டியதும் அவர்கள் வொர்க்‌ஷாப்புக்கு அந்த ஆண்டின் சிறந்த பாதுகாப்பு விருதைக் கொடுத்தார்கள். சிறுசேரியில் விழா. ஷ்யாம்சுந்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு ஸ்லைடுகளில் 'பாதுகாப்புக் கலாச்சாரத்தை உருவாக்குவது எப்படி' என்று பேசினார். வட்டமாக நிற்பது, உறுதிமொழி, போஸ்டர் எல்லாம் வந்தன. கட்டுக்கம்பி வரவில்லை. பாராட்டுச் சான்றிதழில் பொறுப்பாளர் பெயரை 'திரு. தபீதன்' என்று அச்சடித்திருந்தார்கள். வழக்கப்படி யாரும் படித்துப் பார்க்கவில்லை.

தபீதாள் அதைத் திருத்தச் சொல்லவில்லை. ஆனால் ரிசப்ஷனுக்கு வேறு ஆள் போடச் சொன்னாள். லிஃப்ட் பக்கம் தனக்கு ஒரு நாற்காலியும், மூடிய ஷூவும், நீல ஓவர்கோட்டும் கேட்டாள். மூன்றும் கிடைத்தன. இந்த முறை எதையும் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பவில்லை.

போன வாரம் வெள்ளை இன்னோவா ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் காதில் ஹெட்போனோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப்.

"இறங்குங்க சார், வண்டியத் தூக்கணும்" என்றாள் தபீதாள்.

"மீட்டிங்ல இருக்கேன். நான் உள்ளயே இருக்கேன், நீங்க தூக்கிக்கோங்க. நோ ப்ராப்ளம்."

"ஆள் இருந்தா தூக்க மாட்டோம் சார்."

"எங்க வழக்கமான கடையில தூக்குவாங்களே?"

அவள் பதில் சொல்வதற்குள் பிரிட்டோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, கார் கதவுக்கு வெளியே டொக்கென்று போட்டார்.

"இந்தா சார், குந்து. மீட்டிங்க இங்கயே வெச்சிக்கோ. அக்கா சொல்லாம இங்க ஒரு சைக்கிள்கூட மேல போவாது."

இன்னோவாக்காரர் சலித்துக்கொண்டே இறங்கினார். தபீதாள் குனிந்து, லிஃப்டின் முதல் கையைக் காருக்கு அடியில் இழுத்து வைத்தாள்.