கொத்தமல்லிப் பையில் வந்த பங்களா

ஹனீபா நானா மறைந்த செய்தி வந்தபோது நான் நான்காம் வகுப்பில் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஸுபைதா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், வாப்பா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகையோட அடக்கம். உம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். பாதியில் நான் விட்ட வாய்பாட்டைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லி முடித்தார்கள்.

அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஆகவே நான் வீட்டில், ராத்தா என்று நான் அழைக்கும் அவருடைய மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "புத்தகமெல்லாம் மேல் அறையில இருக்கு. அதை என்ன செய்யணும்னு டீச்சருக்குத் தெரியும்னு சொன்னாங்க" என்றார் ராத்தா. எனக்கு அப்போது தெரியவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் உக்குவளை வாசிகசாலையில் நடந்த அனுதாபக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நானா நேர்மையான வியாபாரி என்றார்கள். மிளகிலும் ஏலத்திலும் கலப்படம் செய்யாதவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் உயிராய் நேசித்த ஒன்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் பேச எழுந்தபோது வாசிகசாலைத் தலைவர் என் பக்கம் சாய்ந்து, "அந்தப் பேய்ப் பங்களாக் கதையெல்லாம் எடுக்காதீங்க டீச்சர். மனுசன் மரியாதையாப் போய்ச் சேர்ந்துட்டார்" என்றார். நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று விழுங்கியதை இப்போது எழுதுகிறேன்.

துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு தோட்டத்துப் பங்களாச் சாமான்கள் விலைக்கு வந்தபோது, இரண்டு பெட்டி ஆங்கிலப் புத்தகங்களைச் சரக்குச் சுற்றும் கடதாசியாக நானா வாங்கிப்போட்டார். கடைக்காரர்கள் புத்தகத்தைப் பின்னாலிருந்துதான் கிழிப்பார்கள். முன்னட்டை கெட்டியாக நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் வாங்கிய கொத்தமல்லி அப்படிக் கிழித்த ஒரு தாளில் வந்தது. அடுப்படியில் பையைப் பிரித்தேன். மலைமேல் தனியாக நிற்கும் ஒரு பெரிய வீடு. அங்கே வேலைக்கு வந்த பெண்ணொருத்தி, போகக்கூடாது என்று தடுத்திருந்த அறைக்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு நிற்கிறாள். சாவியை நுழைத்துவிட்டாள். கை நடுங்குகிறது. பக்கம் முடிந்துவிட்டது. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

"நானா, இதுக்கு அடுத்த பக்கம் எங்கே?"

அவர் மேசைக்கு அடியிலிருந்து பாதி கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது. "நானும் அதைத்தான் தேடுறேன் டீச்சர். பொழுது போகாம முன்பாதிய வாசிச்சிட்டேன். பின்பாதிய நானே கிழிச்சு வித்துட்டேன்."

மறுநாளிலிருந்து கொத்தமல்லி வாங்கியவர்கள், சீரகம் வாங்கியவர்கள் எல்லாரிடமும் விசாரணை நடந்தது. பெண்கள் மஞ்சள் படிந்த தாள்களை நீவிவிட்டு எடுத்துவந்தார்கள். ராத்தா சோற்றுப் பசையால் ஒட்டினார். "அப்படி என்னதான் இதுல எழுதியிருக்கு?" என்று அவர்கள் கேட்காமல் இருப்பார்களா? சனிக்கிழமை பிற்பகல்களில் கடையின் பின்கட்டில், மிளகுச் சாக்குகளின் மேல் அவர்கள் உட்கார, நான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். நானா தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே காது கொடுப்பார். வாடிக்கையாளர் யாராவது வந்துவிட்டால், "கொஞ்சம் நிறுத்துங்க டீச்சர், இவரை அனுப்பிட்டு வாறேன்" என்பார்.

அதன்பிறகு பெட்டிகளில் மிஞ்சிய புத்தகங்களை நானா கிழிக்கவில்லை, அவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் ஒரே கதைதானே என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆமாம், ஒரே கதைதான். ஒரே அட்டையும்தான்: பின்னால் பெரிய வீடு, முன்னால் ஓடும் பெண். "ஒரு ஜன்னல்ல மட்டும் வெளிச்சம் தெரியணும். ரெண்டுல தெரிஞ்சா நானே திருப்பிக் குடுத்துருவேன்" என்பார் நானா. பங்களாவில் ஆயாவாக இருந்த செல்லம்மா ஒரு சனிக்கிழமை, "இருவது வருசம் அந்த வீட்டைப் பெருக்கினேன் டீச்சர். முன்வாசப் படிய ஒருநாளும் மிதிச்சதில்ல. கதையில வேலைக்கு வந்த இவ பாருங்க, நேரா முன்வாசல்ல எறங்குறா" என்றாள். இலக்கியம் தெரிந்தவர்கள் எங்களுக்கு இதைவிடத் தெளிவாக எதையும் விளக்கியதில்லை. எங்கள் மலையிலும் அப்படியொரு வீடு இருந்தது. அதன் பூட்டிய அறைகளுக்குள் நாங்கள் போனது அந்தக் கதைகளில்தான். மயிர்க்கூச்செறிய, மனம் நிறைய, கொஞ்சம் காதலோடும் போனோம். அதற்கு நான் வெட்கப்படத் தயாரில்லை.

வாசிகசாலை திறந்தபோது நானா அந்தப் புத்தகங்களை முழு மனத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். ஏழு பேர் கொண்ட குழுவில் நான் ஒருத்திதான் பெண். இன்றைய தலைவர்தான் அன்றும் தலைவர். அப்போது என் பள்ளிக்கூடத்துக்கும் அவரே தலைமையாசிரியர். "இது வாசிகசாலை. வேலையில்லாத பொம்பளைங்க அரட்டை மடம் இல்ல" என்றார். குப்பை என்று எழுதி, மறுத்து ஒரு கடிதம் தயாரானது. ஆறு பேர் கையெழுத்திட்டார்கள். ஏழாவது கையெழுத்து என்னுடையது. ஆம், சனிக்கிழமைதோறும் அந்தக் குப்பையை வாய்நிறையச் சொன்ன நான்தான் போட்டேன்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. நானா நின்றபடியே வாசித்தார். என் பெயருக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தத் தாளை அழகாகச் சுருட்டி, அடியை மடித்து, ஏலக்காய் நிரப்பி என்னிடமே நீட்டினார்.

"கடதாசி நல்ல கெட்டி டீச்சர். பயமா இருந்துச்சா?"

"ஆமா நானா."

"அந்தப் புள்ளைக்கும் பயம்தானே. பயந்துகிட்டே போறா. பயமில்லாதவ போனா அது கதையா?"

 அடுத்த சனிக்கிழமை எனக்காகச் சாக்கைத் தட்டிப் போட்டு வைத்திருந்தார். பின்கட்டுக் கதைகள் பல வருடம் நடந்தன. மறுத்த குழுவினரின் மனைவிமாரிலும் இருவர் வந்தார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

நேற்று மேல் அறையிலிருந்த அந்த முப்பத்தொரு புத்தகங்களையும் வாசிகசாலைக்குக் கொண்டுபோனேன். தலைவர், "அடுத்த கூட்டத்தில பேசுவோம்" என்றார். "பேசுங்க சார். அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றேன். ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் 'ஹனீபா நானாவின் அன்பளிப்பு' என்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுப் புத்தகங்கள் வராத இந்த நாட்களில் அவற்றைக் குப்பை என்று எறிய நினைப்பவர்கள், என் கண்முன்னால் எறியட்டும்.

முதல் புத்தகத்துக்கு மட்டும் முடிவு கிடைக்கவேயில்லை. மிச்சம் கிடைத்ததும் சேர்த்து ஒட்டலாம் என்று என்னிடமே விட்டுவைத்த கொத்தமல்லித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அதில் அந்தப் பெண் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறாள், கை நடுங்க. நேற்று வாசிகசாலை அலுமாரிக்கு முன்னால் என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, நானா. முப்பத்தொன்றையும் அடுக்கிவிட்டேன்.