கோமதி வெட்டச் சொன்ன ஓரத் துண்டுகள்

மதர் டெய்ரி பூத்தில் பாலுக்கு நின்றுகொண்டிருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. எங்கள் டெல்லி ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் எதிர் பிளாக்கில் இருக்கும் கல்யாணி மாமி, தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, "கோமதி போயிட்டாளாம், நோக்குத் தெரியாதா? நேத்து சாயந்தரம். ஹார்ட் அட்டாக்காம்" என்றாள். நான் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "ஜல்தி கீஜியே, பஹன்ஜி" என்று அவசரப்படுத்தினார். டோக்கனைப் போட்டேன். கோமதி செத்துப்போன மறுநாளும் எனக்கு அரை லிட்டர் பால் வேண்டித்தான் இருந்தது.

எங்கள் சோதனைக்கூடத்தில் சிப் வடிவமைப்புப் பிரிவில் இருந்த நீங்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களில் பலருக்கு அவளை நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை போடுகிறவளாகத்தான் தெரியும். அதற்கு முன்னால் அவள் யாராக இருந்தாள் என்று சிலருக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள்.

அவள் இன்ஜினியர், நான் டிராயிங் பிரிவு. டிரான்ஸிஸ்டர் ஒவ்வொன்றும் என்ன அகலம், என்ன நீளம் என்று அவள் கணக்குப் போட்டுத் தருவாள். கீழிருந்து விளக்கெரியும் மேஜையில் சிவப்பு ஃபிலிமை விரித்து, பல நூறு மடங்கு பெரிய அளவில் பிளேடால் வெட்டி, வேண்டாத இடத்தை இடுக்கியால் உரித்து எடுப்பது என் வேலை. பிறகு அதைக் கேமரா சிறிதாக்கும். நாங்கள் செய்துகொண்டிருந்தது கரண்ட் மிரர். ஒரு டிரான்ஸிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தை, பக்கத்தில் இருக்கிறவை அப்படியே பார்த்துச் செய்ய வேண்டும். கோமதி அதைக் 'கண்ணாடி' என்றுதான் சொல்வாள்.

நாலு மடங்கு மின்னோட்டம் வேண்டுமென்றால் நாலு மடங்கு அகலத்தில் ஒரே துண்டாக வெட்டினால் என்ன என்று முதல் வாரமே கேட்டேன். எனக்கு வேலை மிச்சமாகுமே. அவள் திருநெல்வேலிக்காரி. டெல்லிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. "ஏளா சரசு, நாலு கைக்குட்டைக்கு ஓரம் மடிச்சுத் தையி. பெறவு நாலு பங்கு துணிய ஒரே துண்டா எடுத்து ஓரம் மடி. ரெண்டும் ஒண்ணாவா வரும்?" என்றாள். சிப்பை அமிலத்தில் அரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் அது ஓரத்தைக் கொஞ்சம் தின்னும். எல்லாம் ஒரே அளவுத் துண்டாக இருந்தால் எல்லாம் ஒரே அளவு இழக்கும், விகிதம் கெடாது. அதற்குப் பிறகு நான் வேலையை மிச்சம் பிடிக்கப் பார்த்ததில்லை.

வரிசையின் இரு கடைசியிலும் எதனோடும் இணைக்காத ஒரு துண்டைச் சும்மா வைக்கச் சொல்வாள். "ஓரத்துல இருக்கதுக்கு ஒரு பக்கம் துணை கெடையாதுல்லா. அமிலம் அதை வேற மாதிரி கடிக்கும். அந்தக் கடிய வேலை இல்லாத ரெண்டு வாங்கிக்கிடட்டும்" என்பாள். நானும் அப்படியே வெட்டினேன்.

தங்கை கல்யாணத்துக்கு அவள் ஊருக்குப் போயிருந்த வாரம், பிரிவுத் தலைவர் வந்து மேஜையைப் பார்த்தார். ஓரத் துண்டுகளைக் காட்டி, "யே க்யா ஹை? இதுல கரண்டே ஓடலையே. பேகார், வேஸ்ட். இடத்துக்குப் பிடிச்ச கேடு" என்றார். அவரும் தமிழர்தான். "கோமதி வந்ததும் கேட்டுக்கலாம் சார்" என்றேன். "வெட்டறது உன் வேலை. யோசிக்கறதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லி, என் கையிலிருந்த இடுக்கியை வாங்கித் தானே இரண்டு பக்கமும் உரித்தார். மறுநாள் ஃபிலிம் கேமராவுக்குப் போய்விட்டது.

சிப் வந்தது. நடுவில் இருந்தவை எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. இரு கடைசியிலும் மட்டும் மின்னோட்டம் கோணிக்கொண்டு நின்றது. இதைவிடத் தெளிவாக ஒரு சிப் எப்படிச் சாட்சி சொல்லும்? விசாரணை வைத்தார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். டிராயிங் பிரிவு சொல்வதைப் பதிவுசெய்ய வழியில்லை என்றார்கள். அளவுக் கணக்கில் பிழை, பொறுப்பு கோமதி என்று முடிவானது. அவள் நூலகத்துக்குப் போனாள்.

அன்று பஸ் ஸ்டாப்பில் அவள் அழவில்லை. "சிப் போனா போவுது ளா. வேற செஞ்சுக்கிடலாம். என் கணக்கு தப்புன்னு எழுதிட்டானுவளே. அதை எப்பிடி மாத்துவேன்?" என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை யாரும் அதை மாற்றவில்லை.

அடுத்த முறை ஓரத் துண்டுகள் சத்தமில்லாமல் திரும்பி வந்தன. சிப் வேலை செய்தது. தலைவருக்கு மாலையும் சால்வையும் கிடைத்தன. அந்த விழாவுக்கு நூலகத்திலிருந்து நாற்காலி கேட்டார்கள். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

போன வாரம் இரங்கல் கூட்டம். ஓய்வுபெற்ற அதே தலைவர் பேசினார். கோமதி அந்த ஓரத் துண்டு மாதிரியாம். தன்னில் மின்னோட்டம் ஓடாவிட்டாலும் பக்கத்தில் நின்று மற்றவர்களை நேராக்கினாராம். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அவள் ஓரத் துண்டு இல்லை; அவளில் ஓடியதைப் பார்த்துத்தானே இவர்கள் எல்லோரும் செய்தார்கள். எழுந்து, "சார், அந்தத் துண்டை உரிச்சது யாரு?" என்று கேட்டேன். யாரோ, "சாய் ஆ கயீ" என்றார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

செத்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய பொறுமையை எடுத்துக்கொண்டேன், சிரிப்பை எடுத்துக்கொண்டேன் என்று எழுதுவது வழக்கம். அவளுக்குப் பொறுமை இருந்தது. அது அவளுக்கு என்ன செய்தது என்று பார்த்தோம். எனக்கு அது வேண்டாம். நான் எடுத்துக்கொண்டது அவள் கணக்கைத்தான்.

இப்போது என் மேஜையில் ஒரு புதிய கண்ணாடி விரிந்திருக்கிறது. வடிவமைத்த பையன் ஓரத் துண்டுகளைப் போட மறந்திருந்தான். யாரையும் கேட்காமல் நானே வெட்டிவிட்டேன். ஏன் என்று கேட்டான். கோமதி கணக்கு என்றேன். இந்த ஃபிலிம் கேமராவுக்குப் போகும்வரை நான் லீவு போடப் போவதில்லை.