பீரோவுக்குள் இருந்த பி.எட். சர்டிபிகேட்

கலாவதி அக்கா போய்விட்டார்...

காலையில் லா காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோவைப் பார்த்ததும் பிறந்தநாள் போல என்றுதான் நினைத்தேன். கீழே படித்தபிறகுதான் தெரிந்தது. மாரடைப்பாம். எழுமலையில், வீட்டிலேயே.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் என்னோடு சட்டம் படித்தவர். டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்ததால் எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

முதல் வருடம், ஒப்பந்தச் சட்ட வகுப்பு. ஒப்பந்தம் என்றால் இரண்டு பேர் சுதந்திரமாகக் கொடுக்கும் சம்மதம் என்று சார் நடத்திக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தார்.

"கையெழுத்துப் போட்டாத்தான் வேலைன்னா, அதுவும் சம்மதந்தானா சார்?"

சார் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பிடிக்கலைன்னா வேற எடம் பாக்க வேண்டியதுதானக்கா. யாரும் கையப் பிடிச்சு எழுத வைக்கலையே."

கிளாஸே சிரித்தது. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

கேன்டீனில்தான் விஷயம் தெரிந்தது. அக்கா வேலை பார்த்த தனியார் பள்ளியில், சேரும்போதே மூன்று வருட பாண்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்களாம். டிகிரி, பி.எட். ஒரிஜினல்களையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். எல்லா டீச்சருக்கும் இதே கதி. அக்கா இரண்டு வருடத்திலேயே கிளம்பிவிட்டதால் ஒரிஜினல் அங்கேயே மாட்டிக்கொண்டது.

இங்கே காலேஜ் ஆபீஸில் கெடு வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரிஜினல் வரவில்லை என்றால் சீட் கேன்சல்.

"நானும் வாரேன்க்கா" என்று ஒட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீ வாயத் தொறக்காத தம்பி. நான் பேசி வாங்கிக்கிறேன்."

திருவாதவூர் பக்கம் பள்ளி. கரஸ்பாண்டென்ட் எங்களை ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார். அக்கா பொறுமையாகப் பேசினார், வீட்டு நிலைமை சொன்னார், கெஞ்சவும் செய்தார். மனிதர் இறங்கி வந்துவிட்டார். பீரோவைத் திறந்து ஃபைலைக் கையில் எடுத்துவிட்டார்...

அப்போதுதான் நான் சட்டைப் பையிலிருந்த நோட்டீஸை நீட்டினேன். முந்தின நாளே டைப் அடித்து வைத்தது. செக்‌ஷன் பதினாறு, செக்‌ஷன் இருபத்தேழு, இந்த பாண்டே செல்லாது... சத்தமாக வாசிக்க வேறு செய்தேன்!

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஃபைலை உள்ளே வைத்துப் பூட்டினார். "ஓ, வக்கீலோட வந்திருக்கியளா? அப்ப கோர்ட்லயே வாங்கிக்கங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தது நான், கெட்டது அக்கா. மணி இரண்டாகப் போகிறது. அக்கா நகரவில்லை.

"சார், அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கணக்கு டீச்சர்னு யாரக் காட்டுவீங்க? பி.எட். படிச்ச கணக்கு டீச்சர் இங்க நான் ஒருத்திதான். இப்பக் குடுங்க. அன்னிக்கு சர்டிபிகேட்டோட வந்து கிளாஸ்ல நிக்கிறேன்."

"எழுதித் தாரியா?"

"தாரேன். ஆனா அந்தப் பேப்பர நீங்க வெளிய காட்ட முடியாதே சார்."

அவர் மறுபடியும் சாவியை எடுத்தார்.

காலேஜ் ஆபீஸுக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். சீட் தப்பியது.

ஆனால் அந்த இன்ஸ்பெக்‌ஷன் எங்கள் ஒப்பந்தச் சட்டப் பரீட்சை அன்றே வந்து தொலைத்தது.

"போகாதீங்கக்கா. அதிகாரிய ஏமாத்துறதுக்குப் போட்ட ஒப்பந்தம் அது, செக்‌ஷன் இருபத்துமூணுல செல்லவே செல்லாது. எந்தக் கோர்ட்டும் கேக்காது" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"செய்யறது தப்புன்னும் தெரியும், செல்லாதுன்னும் தெரியும் தம்பி. அந்தப் பீரோவுக்குள்ள இன்னும் பதினோரு பேரு சர்டிபிகேட் கெடக்கு. நான் போகாம ஏமாத்திட்டா, நாளைக்குக் கேட்டு நிக்கிறவளுக்கு அந்தாளு குடுப்பாரா?"

பரீட்சை ஹாலில் அரைமணி நேரம் வரைதான் உள்ளே விடுவார்கள். நான் கேள்வித்தாளைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம். இருபது நிமிடம்... இருபத்தைந்து... கதவைச் சாத்திவிட்டார்கள். அக்கா வரவில்லை.

சுதந்திரமான சம்மதம் பற்றித்தான் முதல் கேள்வி. பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தப் பேப்பரில் நான்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட். அக்காவுக்கு அரியர்.

அடுத்த தடவை எழுதி பாஸ் பண்ணினார். கோர்ட்டுக்கும் வந்தார். கடைசிவரை கறுப்பு கவுனைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே அலைந்தார். அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேருக்கு ஒரிஜினல் கிடைத்தது என்று நான் கேட்டதே இல்லை. கேட்க முகம் இல்லை.

அன்றைக்கு நான் அந்த நோட்டீஸை நீட்டாமல் இருந்திருந்தால், ஃபைல் அப்போதே அக்கா கைக்கு வந்திருக்கும். அந்த வாக்கைக் கொடுக்க வேண்டியே வந்திருக்காது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை... நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தப்பு என் மேலதான்க்கா. இத நேர்ல சொல்லியிருக்கணும்.

எழுமலை பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உசிலம்பட்டி தாண்டிவிட்டது.

வாரேன்க்கா...