ஏரிக்கு முன்னால் அப்பா

வில்லியனூரில் எங்கள் மளிகைக் கடைக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அதன் பின்திரையில் சுவிட்சர்லாந்து மாளிகை ஒன்று. ஊரில் கல்யாணமானவர்கள் எல்லாரும் அந்த மாளிகைப் படிக்கட்டில் நின்றவர்கள்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு மழையில் திரை நனைந்து கிழிந்தது. அப்போது நான் சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தேன்; விடுமுறைக்கு வந்திருந்தேன். மீதிப் படிப்பா, கடையா என்ற வழக்கை அப்பா அந்தத் திரையின் மேல் தூக்கிப் போட்டார்.

"புதுத் திரைய இவன் போடட்டும்," என்றார் ஸ்டுடியோக்காரரிடம். "பாக்கறா மாதிரி இருந்தா மெட்ராசுக்குப் போவட்டும். இல்லாட்டி குந்திப் புளி நிறுக்கட்டும்."

எனக்கு வயது இருபது. ஆகவே எல்லாம் தெரிந்திருந்தது. ஒரே திரையில் இரண்டு காலங்களை இணைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஓரங்களில் தஞ்சாவூர் பாணி: புடைத்த தூண்கள், மேலே வளைவு, அதன்மேல் தங்கம். தங்க ரேக்குக்கு வக்கில்லாததால் பூமாலைக் கடை ஜிகினாத் தாள். வளைவுக்குள்ளே பிரெஞ்சுக்காரர்களின் இம்ப்ரஷனிசம்: கோடே போடாமல், வெளிச்சத்தைத் துண்டுதுண்டான வண்ணத் தீற்றல்களாகவே வைப்பது. பிரெஞ்சுக்காரன் இவ்வளவு காலம் எங்கள் ஊரை ஆண்டுவிட்டு இதை மட்டும் எங்களுக்குச் சொல்லாமல் கப்பலேறிவிட்டானே என்று எனக்கு அவன்மேல் மனத்தாங்கல்.

வரைந்தது பாகூர் ஏரி. ஐந்து விடியற்காலைகள் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீரில் ஊதா இருந்தது, ரோஜா இருந்தது, மாம்பழத் தோலின் மஞ்சள்கூட இருந்தது. ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் திரையில் அப்பினேன்.

ஸ்டுடியோக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இன்னா தம்பி, சொறி புடிச்சா மாதிரி கீது?"

"தள்ளி நின்னு பாக்கணும்ணே. அது வெளிச்சம்."

"செரி. இந்த ஊதா, ரோசு எல்லாம் எதுக்கு?"

"கலர்லதாண்ணே மொத்த விஷயமே இருக்கு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நம்ம கேமராவுல கறுப்பு வெள்ளை பிலிம்தான் தம்பி."

பிறந்ததிலிருந்து அந்த ஸ்டுடியோவுக்கு எதிரிலேயே வளர்ந்தவன் நான். என்னிடமிருந்த ஒரே புகைப்படமும் கறுப்பு வெள்ளை. இரண்டு காலங்களை இணைக்கப் போனவனுக்கு இந்தச் சின்ன விவரம் தோன்றவில்லை.

அதற்குள் அப்பா சலவைச் சட்டையோடு வந்துவிட்டார். தீர்ப்புச் சொல்பவரே முதல் படத்துக்கு உட்காருவது என்று ஏற்பாடு.

"ஏரின்னியே, எங்கடா?"

"இதாம்பா."

"இதா? நான் பொறந்த ஊரு ஏரிடா. நீச்ச கத்துக்கினது அதுலதான். எனக்கே அடையாளம் தெரில." சொல்லிவிட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்குப் புளி வாசனை அடித்தது.

மறுநாள் காலை, பிரிண்ட் போடும்போது மூவரும் இருட்டறையில் நின்றோம். சிவப்பு விளக்கு. தட்டில் மருந்துத் தண்ணீர். அதில் வெள்ளைத் தாள். முதலில் மீசை வந்தது. ஆள் வருவதற்கு முன் மீசை வருவது எங்கள் வீட்டு வழக்கம்தான். பிறகு அப்பா வந்தார். அவருக்குப் பின்னால், மெதுவாக, ஏரி வந்தது.

கேமரா அப்பாவின் முகத்தைக் கூர்மையாகப் பிடித்ததில் பின்திரை மங்கியிருந்தது. அந்த மங்கலில் தீற்றல்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து தண்ணீராகிவிட்டன. ஜிகினா வளைவு விளக்கு பட்டுக் கனிந்து, கோபுர வாசல் வழியே விடியலைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஐந்து நாளும் நான் கண்ணால் பார்த்து, கையால் கொண்டுவர முடியாமல் விட்டது அந்தத் தட்டில் மிதந்துகொண்டிருந்தது. இதைத் திட்டமிட்டே செய்ததாகப் பிற்காலத்தில் சில மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்று நானும் அதை முதல்முறையாகத்தான் பார்த்தேன்.

அப்பா தட்டின்மேல் குனிந்தார்.

"தண்ணி அசையுதுய்யா," என்றார், குரலே இல்லாமல்.

"மருந்து அசையுதுண்ணே," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"மருந்து இல்லய்யா. தண்ணி வழியுற கலிங்கு பக்கம் காலைல இப்பிடித்தான் அசையும்." நிமிராமலே சொன்னார்: "யோவ், நான் இல்லாம ஒண்ணு போட்டுக் குடு. நடுவுல குந்திக்கினு மறைக்கிறேன்."

"படமே நீங்கதாண்ணே."

"அத்த உடுய்யா."

பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"மெட்ராசு பஸ்ஸு எத்தினி மணிக்குடா?"