பொந்துக்குப் பால் வார்த்த வெள்ளிக்கிழமை

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நாங்கள் வாங்கிய புது வீட்டுக்கு எதிரே கம்பி வேலி போட்ட வெற்று நிலம் இருந்தது. அதில் ஒரு பொந்து. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒன்பது வயதான எனக்குத் தெரியும். எம்.எஸ். முடித்து வந்த பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே என் குரல் உயர்ந்துவிடுகிறது என்று அம்மா இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறாள். உயரட்டும்.

உள்ளே இருந்தது ஆந்தை. மரத்தில் உட்கார்ந்து ராத்திரி அலறும் ஜாதி இல்லை. தரை அணில் தோண்டிவிட்டுப் போன வளையில் குடியேறி, நீட்டுக் கால்களோடு பட்டப்பகலில் வாசலில் நிற்கும், ஒரு சாண் உயரச் சின்ன ஆந்தை. பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். யாராவது வளையை நெருங்கினால் உள்ளிருந்து சர்ர்ர் என்று சத்தம் வரும். வாலைக் கிலுகிலுக்கும் விஷப் பாம்பின் சத்தம், அச்சு அசலாக. குஞ்சுகளுக்கும் அது வரும். மோப்பம் பிடித்து வரும் நரி பாம்பென்று பயந்து திரும்பிவிடும். கடிக்கவோ எதிர்க்கவோ முடியாத ஒரு குஞ்சு, வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ தலைமுறை பிழைத்து வந்திருக்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. நானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வீட்டிலும் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "புதுசா குடி வந்திருக்கோம், அந்தப் பேர வாயில எடுக்காத." அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அது கவுதாரிம்மா" என்றார். ஆந்தை என்றால் அவருக்குப் பெரிய தலையும் இருட்டும் வேண்டும். வெயிலில் நிற்கும் ஆந்தையை அவர் ஒப்புக்கொள்வதாக இல்லை. அதோடு எங்கள் வீட்டில் அது கவுதாரி ஆயிற்று.

அந்தக் கோடை விடுமுறைக்கு டெக்சாஸின் ஃபிரிஸ்கோவிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. கல்யாணமாகி வெகுகாலமாகக் குழந்தை இல்லை. அங்கே பார்த்துக்கொண்டிருந்த ட்ரீட்மென்ட் மறுபடியும் பலிக்காமல் போக, இடம் மாறினால் மனசு தேறும் என்று சித்தப்பா அனுப்பி வைத்திருந்தார். வரும்போதே ஒரு ஜோசியர் சொன்னதையும் சுமந்துகொண்டு வந்தாள். கோயம்புத்தூரில் இருந்தபடியே போனில் ஜாதகம் பார்க்கும் மனிதர். நாக தோஷமாம். கோயிலில் இருக்கும் கல் நாகம் போதாதாம். உயிரோடு பாம்பு இருக்கிற புற்றில் வெள்ளிக்கிழமை பால் வார்க்க வேண்டுமாம். அமெரிக்காவில் புற்றுக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு, "தேடுங்க, அதுவே உங்களுக்குக் காட்டும்" என்றாராம். அந்த ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்காதது அவருக்கு நல்லது.

காட்டத்தான் காட்டியது. ஒரு சாயங்காலம் வாக்கிங் போன சித்தி, வேலி பிய்ந்திருந்த இடத்தில் நுழைந்து பொந்துப் பக்கம் போயிருக்கிறாள். உள்ளே சர்ர்ர். நரியாக இருந்தால் ஓடியிருக்கும். சித்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள்.

பக்கத்து வீட்டு அங்கிள் வந்து குனிந்து கேட்டார். "ரேட்டில்ஸ்நேக்தான், கன்ஃபர்ம். நான் யூட்யூப்ல கேட்டிருக்கேன்" என்றார். யூட்யூப் சொன்னபின் யார் மறுப்பது? அப்போதெல்லாம் எனக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. "நோ சித்தி, இட்ஸ் அன் அவுல். பேபி அவுல்ஸ்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "சும்மா இருடி. அவளே இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறா."

வெள்ளிக்கிழமை காலை தெருவில் கார்கள் வந்து நின்றன. சேதி வாட்ஸாப்பில் பரவி, ஆன்ட்டிகள் ஆளுக்கொரு காலன் பால் கேனோடு இறங்கினார்கள். சித்தி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பொந்து வாசலில் மஞ்சள், குங்குமம், செம்பருத்தி. முதல் கேனை சித்தி சாய்த்தாள். உள்ளே சத்தம் கிளம்பியது. எல்லோர் முகத்திலும் பக்தி வழிந்தது. சத்தம் ஏற ஏறப் பாலும் ஏறியது. அங்கே களிமண் கோடையில் ஓடாக இறுகிவிடும், ஊற்றியதைச் சுலபத்தில் குடிக்காது. நான் கத்தினேன். இங்கிலீஷில் கத்தினேன், தெரிந்த தமிழில் கத்தினேன். அப்பா என்னை அலாக்காகத் தூக்கினார். "எல்லார் முன்னாடியும் சீன் போடாத."

மாடி அறை ஜன்னலிலிருந்து மீதியைப் பார்த்தேன். பால் நாறினால் குடியிருப்புச் சங்கமான ஹெச்ஓஏவிலிருந்து நோட்டீஸ் வரும் என்று அங்கிளுக்குக் கவலை. எங்கள் தோட்டத்து ஹோஸை இழுத்துக்கொண்டு போய்ப் பொந்துக்குள் விட்டார். சாமிக்கு அபிஷேகமும் ஆயிற்று, தெருவுக்குச் சுத்தமும் ஆயிற்று. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வீட்டுக்குள் வந்தபோது சித்தியின் முகம் மலர்ந்திருந்தது. "சத்தம் நின்னுடுச்சுக்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். "ஏத்துக்கிச்சு."

இப்போது நான் விலங்குகளின் இந்த மாதிரிப் பழக்கங்களைப் படிக்கிற வேலையில்தான் இருக்கிறேன். உலகம் மெதுவாக மாறிய காலத்தில் உயிரைக் காத்த பழக்கமே, வேகமாக மாறும்போது உயிருக்கு உலை வைக்கிறது என்று நிறையப் பேர் ஆராய்ந்து எழுதுகிறார்கள். நிலா வெளிச்சம் என்று நம்பி, கடலை விட்டு ஹோட்டல் விளக்கைப் பார்த்து நடக்கும் ஆமைக் குஞ்சை உதாரணம் காட்டுகிறார்கள். படிக்கும்போது எனக்கு ஆமை தெரிவதில்லை. பட்டுப்புடவைதான் தெரிகிறது. பாம்புக்குப் பயப்படுகிறவர்களைச் சமாளிக்க அந்தக் குஞ்சுகளுக்குத் தெரியும். பயந்துகொண்டே கும்பிடுகிறவர்கள் பால் கேனோடு வருவார்கள் என்று இயற்கை அவற்றுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

பால் வார்த்த அடுத்த வாரம் ஒரு பெண் வந்தாள். அந்த நிலத்தில் வீடு கட்டுமுன் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்க்க பில்டர் அனுப்பியவள். நீளமான ஒயரின் முனையில் கேமரா கட்டிப் பொந்துக்குள் விட்டாள். திரையைப் பார்த்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தெருவில் நின்ற அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அப்பா தனக்கொன்றும் தெரியாது என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அம்மாவையும் என்னையும் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். "உள்ள செத்துக் கிடக்கறது எல்லாம் குஞ்சாம். உன் தங்கச்சிகிட்ட ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. தாங்க மாட்டா." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். சித்தி தாங்க மாட்டாள் என்று கவலைப்பட ஒரு வீடே இருந்தது. செத்துப்போன குஞ்சுகளுக்காக அந்த வீட்டில் ஒரு சொல் இல்லை. குஞ்சுள்ள வளையைத் தொடச் சட்டம் விடாது; உள்ளே உயிர் இல்லை என்று ஆனதால் பில்டருக்கும் வேலை சுலபமாயிற்று. இன்று அந்த இடத்தில் ஒருவர் வீட்டு கராஜ் இருக்கிறது.

நான் சித்தியோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் பிசைந்த சோற்றைத் தொடவில்லை. என் அறையில் அவள் படுத்தால் நான் ஹாலுக்குப் போனேன். ஏன் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவள் ஊருக்குக் கிளம்பிய காலை, அப்பா காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். சித்தி எதிர் நிலத்தைப் பார்த்தபடி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தெனமும் ஜன்னல்ல பாக்குறேன்டி" என்றாள். "வாயில எதையோ கவ்விக்கிட்டு வருது. உள்ள போகுது. அதையே திரும்ப வெளிய கொண்டாந்து கீழ வெச்சுட்டு நிக்குது."

அவளுக்கு அது வெறும் கவுதாரிதானே, அதைப் பற்றி என்ன பேச்சு என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கன்னத்தைத் தொட வந்த கை பாதியில் நின்றது. அதை அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

என் கோபத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று எனக்கு அன்று வெற்றியாக இருந்தது. ஊருக்குப் போனதும் அவள் ட்ரீட்மென்ட்டை நிறுத்திவிட்டாள். ஏன் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினாள். பால் வார்த்த அந்தக் கையை இனி எந்தக் குழந்தையின் மேலும் வைப்பதில்லை என்று அவள் எங்கள் வாசலிலேயே முடிவு செய்துவிட்டாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.