வார்னிஷ் அடித்த மரம்

போன செவ்வாய்க்கிழமை மாலை, சிராங்கூன் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடை வாசலில் செபஸ்தியானைப் பார்த்தேன். கையில் ஒரு சன்னமான பிரஷ். பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் தீட்டுவார்களே, அது.

"என்னய்யா, இந்த வயசுல டிராயிங் கிளாஸா?"

"இல்ல சார். பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க."

சிரிப்பு வரவில்லை... அவருக்கும், கதையைக் கேட்ட பிறகு எனக்கும்.

செபஸ்தியான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளர். ஆங் மோ கியோவில் வீடு, ஞாயிறு பூசை, மற்ற நாள் வேலை. ஆய்வுக்கூடத்தின் பின்வேலியில் பேஷன் ஃப்ரூட் கொடி ஒன்றைப் படரவிட்டிருக்கிறார். வருஷா வருஷம் அவர் பங்குக் கோயில் பெருநாளுக்கு ஜூஸ் அந்தக் கொடியிலிருந்துதான். எந்த வருஷம் இனிப்பு, எந்த வருஷம் புளிப்பு என்று கேளுங்கள், சொல்வேன். எதையும் மறக்காத வியாதி எனக்கு உண்டு.

அந்தப் பூ ஒரு பிடிவாதக்காரி. மதியம் மலர்ந்து இரவில் மூடிவிடும். சின்னத் தேனீ வந்தால் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். மகரந்தம் முதுகில் ஒட்டாது. நாம் கருவண்டு என்கிறோமே, கட்டைவிரல் பருமனில் ஒரு தேனீ – அது வந்து உட்கார்ந்தால்தான் காய். அதுவோ கூட்டமாகக் கூடு கட்டாது. பட்ட மரத்தைத் துளைத்து, உள்ளே குஞ்சு பொரிக்கும்.

வேலிக்கு அருகே அப்படி ஓர் அங்சானா மரம், பல வருஷமாகப் பட்டு நின்றது. உடம்பெல்லாம் துளை. துளைக்குத் துளை குடித்தனம். புது மாணவர்கள் வந்ததும் செபஸ்தியான் முதலில் காட்டுவது அதைத்தான்.

நம் ஊரில் பட்ட மரம் எத்தனை நாள் நிற்கும்? எம்.ஆர்.டி. ரயிலுக்காக ரோட்டையே தோண்டிப் போடுகிறோம். ஆனால் புல் ஓர் அங்குலம் வளர்ந்தால் பொறுக்கமாட்டோம்! தைப்பூசம் முடிந்த வாரம், வளாகப் பராமரிப்பு சூப்பர்வைசர் கோவிந்தசாமி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். செபஸ்தியான் ஓடிப்போய் அவரைப் பிடித்தார்.

"வெட்டிடாதீங்கண்ணே. இந்த மரம் ஆராய்ச்சிக்கு வேணும். பத்திரமா பாத்துக்குங்க."

"அவ்வளவுதானே தம்பி? கவலைய விடு லா. என் பொறுப்பு."

வண்டைப் பற்றிச் செபஸ்தியான் மூச்சு விடவில்லை. ஏன் விட வேண்டும்? கொட்டுகிற பூச்சி என்று சொன்னால் அடுத்த மணி நேரத்தில் மருந்து லாரி வந்து நிற்கும். அது அவருக்குத் தெரியும். இங்கே வாழ்கிற எவருக்கும் தெரியும். நானாக இருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

போன மாதம் செபஸ்தியான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். கோவிந்தசாமி வாசலிலேயே காத்திருந்தார், முகமெல்லாம் பல்.

"வா தம்பி, வந்து பாரு உன் மரத்த!"

மரம் பளபளவென்று நின்றது. கரையான் மருந்து ஊற்றி, துளைகளையெல்லாம் புட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே இரண்டு கோட் வார்னிஷ். சுற்றிலும் கம்பி வேலி.

"ஒரே ஓட்ட தம்பி! இன்னும் ஆறு மாசம் விட்டா உளுத்துப்போய் விழுந்திருக்கும். என் கையாலயே அடைச்சேன். எப்படி?"

செபஸ்தியான் ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஒரு துளையைச் சுரண்டினார். உள்ளே மருந்து வாடைதான். குஞ்சுகள் கறுத்துக் கிடந்தன. வெளியே போயிருந்த வண்டுகள் திரும்பி வந்து எத்தனை தடவை அந்தப் புட்டியில் முட்டினவோ...

"அய்யய்யோ, ஏன் சுரண்டற? காயட்டும்!" என்றாராம் கோவிந்தசாமி.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது சார்? தேங்க்ஸ் அண்ணேன்னேன். மனுஷன் லீவு நாள்ல வந்து செஞ்சிருக்காரு."

வெட்ட வந்தவனோடு சண்டை போடலாம். காப்பாற்ற வந்தவனை என்ன செய்வது? யோசித்துப் பார்க்கிறேன். நம் தீவில் நான் கண்ட பல அழிவுகளில் கெட்டவன் ஒருவனும் இல்லை. எல்லாரும் பொறுப்பாக, சுத்தமாக, சொன்ன வேலைக்கு மேலாகவே செய்தவர்கள்.

இப்போது தினமும் சாப்பாட்டு நேரத்தில் செபஸ்தியான் பிரஷ்ஷோடு பூப்பூவாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். பாதிகூடக் காய்க்கவில்லை. இந்த வருஷப் பெருநாளுக்கு பாட்டில் ஜூஸ்தான்.

பஸ் ஏறும்போது காதருகே குனிந்து ஒன்று சொன்னார்: "நேத்து ஒரே ஒரு வண்டப் பாத்தேன் சார். வேற ஒரு மரத்துல."

எந்த மரம் என்பதை இங்கே எழுதமாட்டேன். இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர்.